டெல்மர் இல்லாத யூமா வீடு

அக்டோபர் 11, செவ்வாய்

காலையில் முற்றத்தில் முதல் பனிப்பூச்சு. மெல்லியதுதான், பத்து மணிக்குள் உருகிவிட்டது. ஆனாலும் கார்க் கொட்டகை வரை போய்வரக் கால் கூசியது. போன பிப்ரவரியில் விழுந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன். ஜூலை மாதத்திலும் அப்படித்தான் போனேன். இடுப்பெலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். சேரட்டும். டெல்மர் மாட்டுக் கொட்டிலிலிருந்து வரும்வரை அந்த ஐஸ் மேல் மல்லாந்து கிடந்து, கத்திக் கத்தித் தொண்டை போய், கடைசியில் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதை எந்த டாக்டர் பார்ப்பார்?

தெற்கே பாலைவன ஊரான யூமாவிலிருந்து அந்தக் கனடாக்காரர் லோர்ன் மறுபடி போன் செய்தார். தபால் நிலையத்தில் என்னோடு வேலை பார்த்தவள்தான் அவர் விற்கும் வீட்டைப் பற்றிச் சொன்னாள். "வர்றீங்களா, இல்ல வேற ஆளுக்குக் குடுத்துடவா?" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் டெல்மரிடம் சொன்னேன். ஒன்பது வருடமாகச் சொல்வதுதான், குளிர்காலத்துக்கு அங்கே போய்விடலாம் என்று.

"முப்பத்திரண்டு மாட்ட யாரு பாப்பா?"

"பக்கத்துப் பண்ணை டார்வின் பாத்துக்கறேன்னு சொன்னானே."

"டார்வின் அவன் பொண்டாட்டியவே பாக்கமாட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், தொட்டியருகே முதுகைக் காட்டி நின்றபடி சொன்னார்: "போறதுன்னா நீ போ ஆர்டிஸ். நான் தடுக்கல."

தடுக்கவில்லை. நாற்பத்துமூன்று வருடம் கூட இருந்தவளிடம் சொல்ல அவருக்கு அவ்வளவுதான் இருந்தது.

அக்டோபர் 12

லோர்னைக் கூப்பிட்டு வருகிறேன் என்றேன். 'வருகிறோம்' என்று வாய் வரை வந்தது. மாற்றிச் சொன்னேன்.

அக்டோபர் 20, வியாழன்

காரில் கிளம்பி மூன்றாம் நாள். இருபத்தாறு வருடம் கிராமத்துத் தபால் வண்டி ஓட்டியவளுக்குச் சாலை பயமில்லை. பக்கத்து இருக்கைதான் பயமாக இருக்கிறது. அதன் மேல் வரைபடம், ரொட்டிப் பை, கோட்டு எல்லாவற்றையும் குவித்து வைத்திருக்கிறேன்.

மலை இறங்கியதும் சூடு முகத்தில் அடித்தது. பெட்ரோல் நிலையத்தில் கோட்டைக் கழற்றிவிட்டுக் கையை வெயிலில் நீட்டிக்கொண்டு நின்றேன். பெட்ரோல் போட வந்த ஒருவன் முறைத்துப் பார்த்தான். பார்க்கட்டும்.

அக்டோபர் 22, சனி

வாங்கிவிட்டேன்.

வீடு என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். நீளமான ஒரு பெட்டி. அடியில் சக்கரம் இருக்கிறது, அதைத் தகடு அடித்து மறைத்திருக்கிறார்கள். ஒரு படுக்கை அறை, ஒருவர் நின்றால் நிறைந்துவிடும் சமையலறை, பக்கவாட்டில் கண்ணாடிச் சன்னல் வைத்து ஒட்டவைத்த ஓர் அறை. வாசலில் ஒரு கிரேப்ஃப்ரூட் மரம், காய் இன்னும் பச்சை. இதே மாதிரி முந்நூறு பெட்டிகள் வரிசையாக, நடுவில் சரளைத் தெருக்கள்; மொத்தத்தையும் 'பார்க்' என்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே யாரும் குடியிருக்கக் கூடாது. டெல்மரின் பழைய பிக்கப் வண்டிக்கு என்ன விலை கொடுத்தோமோ, அதே விலை.

லோர்ன் எண்பது வயதுக்காரர், சஸ்காட்சுவானில் கோதுமை போட்டவர். வீட்டை விற்பவர் போலவே பேசவில்லை.

"சக்கரம் எதுக்குன்னு கேக்காதீங்க. இருபத்தொம்பது வருஷமா ஒரு அங்குலம் நகரல. வீடுதான் உங்களுது, கீழ இருக்கற மண்ணு பார்க்குக்காரங்களுது. மாசாமாசம் வாடகை. அது ஏறும், இறங்காது. இதத் தெரிஞ்சிக்கிட்டு வாங்குங்க. அப்புறம் கனடாக்காரன் தலையில கட்டிட்டுப் போயிட்டான்னு பேசக் கூடாது."

"நீங்க ஏன் விக்கறீங்க?"

"நெஞ்சுல ரெண்டு கம்பி வெச்சிருக்கு. எல்ல தாண்டினா இன்ஷூரன்ஸ்காரன் கை கழுவிடறான். இங்க மயங்கி விழுந்தேன்னா ஆஸ்பத்திரிக் கணக்குக்கு என் நிலத்த வித்தாலும் பத்தாது."

சாவியைத் தந்த பிறகு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். கண்ணாடி அறையில் அவருடைய பழைய நாற்காலி. நான் வெளியே போய் இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்தேன். வந்தபோது அவர் போயிருந்தார். காபி குடித்த கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

நவம்பர் 2

காலையில் காடைகள் வருகின்றன. கொண்டை ஆட்டிக்கொண்டு வரிசையாகத் தெருவைக் கடக்கின்றன. டெல்மருக்குப் போனில் சொன்னேன்.

"காடையா?"

"ஆமா. தலையில ஒத்த இறகு."

"ம்."

"சாப்டீங்களா?"

"நீ வெச்சிட்டுப் போனது ஃப்ரீசர்ல இருக்கு."

"அங்க எப்படி?"

"காத்து."

அவர் போனை வைக்கவில்லை. அவர் மூச்சு கேட்டது. அந்த வீட்டுச் சமையலறைக் கடிகாரமும் கேட்டது.

நவம்பர் 5, சனி

என்ன செய்துவிட்டேன் இன்று?

சனிக்கிழமை காலைகளில் பார்க் மண்டபத்தில் காபியும் டோநட்டும். நான் போனதே இல்லை. அலுவலகத்தில் இருக்கும் ஒஃபேலியா, "சும்மா வாங்க மேடம், யாரும் கடிக்கமாட்டாங்க" என்று இழுத்துப் போனாள். எல்லாம் ஜோடி ஜோடியாக. தட்டோடு நின்றேன். ஐடஹோக்காரி ஒருத்தி, எழுபத்தைந்து இருக்கும், வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். பெயர் பெர்னடீன். பக்கத்தில் வந்து, "தனியாவா வந்திருக்க?" என்றாள்.

"தனியாத்தான்."

"எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம் ஆகப்போகுது."

நான் வீட்டைவிட்டு வந்த நாளைச் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி. மூணு வாரத்துலயா எழுந்து வந்திருக்க?"

எனக்குப் புரிவதற்குள் சன்னலோர மேசையில் உட்கார வைத்துவிட்டாள். அங்கே நான்கு பெண்கள். நான்கு பேரும் விதவைகள். ஒருத்தி என் கோப்பையில் பால் ஊற்றினாள். இன்னொருத்தி முதுகைத் தடவினாள். மொன்டானாக்காரி லவோன், வாய்த் துடுக்குக்காரி, அவள்கூட அடங்கிய குரலில், "மொத வருஷம்தான் கஷ்டம். ரெண்டாவது அதவிடக் கஷ்டம். அப்புறம் கண்ணு தெரியாமப் போயிடும், கவல இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வார்த்தை போதும். 'அவர் இருக்கிறார், மாடு மேய்க்கிறார்.' அவ்வளவுதான். ஏன் வரவில்லை வாயில்?

யாராவது என் முதுகைத் தடவி எத்தனை வருடம் ஆயிற்று?

நவம்பர் 12, சனி

அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த வாரம் அதைவிட மோசம்.

பெர்னடீன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு தெரு தள்ளி. அவள் கணவர் வெண்டல் இரண்டு வருடம் முன்னால் அந்தச் சோபாவில்தான் போனார், டிவியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருக்கும்போதே. "சூப்பு வேணுமா, கோழியா தக்காளியான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். பதிலே இல்ல. கோவம் வந்துச்சு. 'ஆமா, உனக்கு ஆட்டம்தான் முக்கியம்'னு திட்டினேன் ஆர்டிஸ். செத்துப்போன மனுஷனத் திட்டிக்கிட்டே தக்காளி டப்பாவத் தெறந்திருக்கேன்."

அழுதாள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம், பிள்ளைகளிடம்கூட. அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்: "உன்னோடவர் எப்படி?"

"நெஞ்சு," என்றேன்.

திரும்பி வரும்போது, டெல்மருக்கு நெஞ்சு இல்லையா என்ன, இருக்கிறதே, அது எப்படிப் பொய் ஆகும் என்று எனக்கு நானே வழக்காடிக்கொண்டேன். தூ.

நவம்பர் 24, நன்றி நாள்

மண்டபத்தில் வான்கோழி. சன்னலோர மேசையில் ஒவ்வொருத்தியும் தன் கணவருக்கு ஒரு வாய் ஒதுக்கி வைக்கும் வழக்கமாம். எனக்கும் ஒரு சின்னத் தட்டு கொடுத்தார்கள். டெல்மருக்குப் பிடித்த தொடைக்கறியை வைத்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் தட்டைத் தள்ளி வைத்தேன். அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

டெல்மர் ஃபார்கோவில் மகள் வீட்டில். மாலையில் ஜானெல் போன் செய்து, "அப்பா மூணு தடவ பூசணி இனிப்பு கேட்டு வாங்கிச் சாப்ட்டார்மா. இளைச்சிருக்கார்" என்றாள். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் சரியாத்தானே இருக்கீங்க?" என்றாள்.

சரியாத்தான் இருக்கோம் என்றேன். நாளெல்லாம் என் வாயில் உண்மையே வரக் கூடாது போல.

டிசம்பர் 9

இங்கே டிசம்பரில் கீரை அறுக்கிறார்கள். மெக்சிகோ எல்லைக்கு அப்பாலிருந்து விடியுமுன் பேருந்துகளில் ஆட்கள் வருகிறார்கள். ஒஃபேலியாவின் அண்ணன் அந்தப் பேருந்து ஒன்றை ஓட்டுகிறார். கால்வாய்க் கரையில் நடந்தால் ஒரு பக்கம் மணல், மறு பக்கம் கண்ணுக்கு எட்டியவரை லெட்டூஸ் கீரை. டெல்மர் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். போனில் சொல்லலாம். அவர் 'ம்' என்பார்.

டிசம்பர் 25, ஞாயிறு

காலையில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கொட்டிலில் இருப்பார்.

மதியமும் எடுக்கவில்லை. ஜானெலைக் கூப்பிட்டேன். அங்கே பனிப்புயலாம், சாலையெல்லாம் மூடிவிட்டார்களாம், அப்பா வரவில்லையாம். "அப்பாவுக்குத் தெரியாத புயலாம்மா?"

மண்டபத்தில் பாட்டு. எல்லோரும் அரைக்கைச் சட்டையில்.

டிசம்பர் 26

எடுக்கவில்லை. டார்வின் வீட்டிலும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஷெரிஃப் அலுவலகத்தில் ஒரு பெண், மேற்கே முழுக்க மின்சாரம் இல்லை, சாலை திறந்ததும் ஆள் அனுப்புகிறோம் என்கிறாள். எப்போது திறக்கும்? தெரியாதாம்.

மாட்டுக்குத் தண்ணீர் உறைந்திருக்கும். உடைக்கப் போயிருப்பார். பனியில் வழி தவறாமல் பிடித்துக்கொண்டு நடக்க வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் கயிறு கட்டினாரோ இல்லையோ. நான்தான் எப்போதும் நினைவுபடுத்துவேன். எழுபத்தொரு வயது.

பெர்னடீன் கதவைத் தட்டினாள். என் முகத்தைப் பார்த்து, "மொத கிறிஸ்துமஸ். தெரியும்டீ" என்று கட்டிக்கொண்டாள். நான் சொல்லியிருக்கலாம் - பெர்னடீன், என் புருஷன் உயிரோட இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியல, மைனஸ் இருபதுல கெடக்கறானோ என்னமோ, கூட உக்காருன்னு. சொல்லத்தான் முடியுமா? அவரைத்தான் நவம்பரிலேயே புதைத்துவிட்டேனே.

அவள் தோளில் அழுதேன். அவளும் அழுதாள். இரண்டு பேரும் வெவ்வேறு ஆளுக்கு.

டிசம்பர் 27

காலையிலிருந்து கால்வாய்க் கரையில் நடந்தேன். தலைக்கு மேல் ராணுவ விமானங்கள். அவை போகும் சத்தத்தில் வாய்விட்டு அழலாம், யாருக்கும் கேட்காது.

கடவுளே, நான் விளையாட்டுக்குச் சொன்னதில்லையே. நான் சொல்லவே இல்லையே, அவர்களாகத்தானே -

டிசம்பர் 28, புதன்

போன் வந்தது.

"கரண்டு இல்ல. இப்பதான் வந்துச்சு. மாட்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகல."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன?"

நான் அழுவது கேட்டிருக்கும். பிறகு, "இங்க சத்தமே இல்ல ஆர்டிஸ். மூணு நாளா அந்தக் கடிகாரந்தான்" என்றார்.

இந்த மனிதர் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு வெகுகாலம் ஆகிறது.

ஜனவரி 14

சன்னலோர மேசை. காபி. லவோன் சீட்டாட்டத்தில் ஏமாற்றினாள். டெல்மரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இன்றும்.

ஜனவரி 26, வியாழன்

மதியம் சட்டைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். லவோன் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஆர்டிஸ், கேட் கிட்ட ஒரு ஆளு. கெழவன். உன் புருஷன்னு சொல்றான். 'அவ புருஷன் போய்ச் சேந்தாச்சு, நீ யாருய்யா?'ன்னு கேட்டேன். மூஞ்சியே மாறிப்போச்சு. பைத்தியமோ என்னமோ. ஒஃபேலியா போலீசக் கூப்பிடலாமான்னு கேக்கறா."

அந்தக் கேட் வரை நடந்ததை எப்படி எழுதுவது? பிக்கப் வண்டி நின்றிருந்தது. கதவெல்லாம் உப்பும் சேறும். உள்ளே டெல்மர், இந்த வெயிலில் காது மூடிய குல்லாயோடு. என்னைப் பார்த்தார். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"என்னைக்குச் செத்தேன்?"

"நவம்பர்ல."

தலையாட்டினார். வானிலை கேட்டுக்கொண்ட மாதிரி.

லவோன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். லவோன் ஒன்றும் சொல்லாமல் போய் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் அவர் தலை கூரையை இடிக்கிற மாதிரி இருந்தது. ஐஸ் பெட்டியில் மாட்டிறைச்சி கொண்டுவந்திருந்தார், நான் எப்போதும் கேட்கும் விலாத்துண்டு. அடுக்கி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கோபித்துக் கத்தினால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நடந்ததைச் சொன்னேன். 'மூணு வாரம்' என்றது, முதுகைத் தடவியது, நெஞ்சு என்றது, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைத் திட்டினியா அவங்ககிட்ட?"

"இல்ல. நல்லவர்னுதான் சொன்னேன்."

"செத்தவனப் பத்தி வேற என்ன சொல்லுவாங்க," என்றார். குல்லாயைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நெற்றியில் வெயில் படாத வெள்ளைக் கோடு. "ஆள விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லியிருக்கலாமே. அது உண்மைதானே."

"நான் விட்டுட்டு வரல. நீங்க வரல."

அவர் எழுந்து போய் ஐஸ் பெட்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

ஜனவரி 27

அவருக்கு உட்காரத் தெரியாது. காலையிலேயே அடித்தகடு ஆடுகிறது என்று திருகு முடுக்கினார். பிறகு கூரை விளிம்பு. பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்க் குழாய். மாலையில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனேன். லெட்டூஸ் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணை எடுத்து விரலால் தேய்த்தார். வாயில் ஒரு சிட்டிகை போட்டுக்கூடப் பார்த்தார்.

"ஜனவரி மாசம்," என்றார். "இவனுங்களுக்குத் தூக்கமே கெடையாதா?"

திரும்பும்போது வரப்பு குறுகலாக இருந்த இடத்தில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அகலமான பிறகும் விடவில்லை.

ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "நீ எப்படி இருக்கேன்னு பாக்கலாம்னு," என்றார். கொஞ்ச தூரம் போய், "கன்னு போடறதுக்கு முன்னாடிதான் வர முடியும். பத்து நாள் டார்வின் சமாளிப்பான்" என்றார்.

ஜனவரி 28, சனி

மண்டபத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வர வேண்டாம் என்றேன், வருவேன் என்றார்.

சன்னலோர மேசை. லவோன் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும், யாரும் நிமிரவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். இவர் டெல்மர். என் கணவர். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள், நான் திருத்தவில்லை. அப்புறம் நானே பொய்யும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

டெல்மர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உயிரோட இருக்கறதுக்கு நானும் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றார். லவோன் ஒருத்திதான் சிரித்தாள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெர்னடீன் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டெல்மரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். என்னிடம் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அந்தத் தக்காளி டப்பாவப் பத்தி உன்கிட்ட மட்டும்தான்டீ சொன்னேன். நீயும் அப்படி ஒருத்தரப் பாத்தவன்னு நெனச்சி சொன்னேன். எங்களுக்கெல்லாம் இல்லாதது உனக்கு இருந்துச்சு. வெச்சுக்கிட்டே இல்லன்னு சொன்னியே."

போய்விட்டாள். டோநட் தட்டு முன்னால் நாங்கள் இருவரும் நின்றோம்.

ஜனவரி 31, செவ்வாய்

விடியும்போது கிளம்பினார்.

நேற்று கேட்டார்: "வித்துட்டு வந்துடேன்."

"மாட்டேன்."

"இங்க உனக்கு இனிமே யாரு இருக்கா?"

"அங்க யாரு இருந்தா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உண்மையாகத்தான் கேட்டேன். அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம் என்று எதை வைத்துச் சொல்வது?

வண்டியில் ஏறிய பிறகு, "டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு, உன் கார்ல. அடிச்சிட்டேன்" என்றார்.

பிப்ரவரி 11, சனி

மண்டபத்துக்குப் போகவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்கிறார்கள். அவ்வளவு நல்லவர்கள். அதுதான் தாங்கவில்லை.

வீட்டை வாங்க ஓர் ஆள் இருக்கிறான், வேண்டுமானால் சொல்லு என்று லவோன் சன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள். நல்லெண்ணமா, போய்த்தொலை என்கிறாளா?

பிப்ரவரி 19

கிரேப்ஃப்ரூட் பழுத்துக் கொட்டுகிறது. யாருக்குக் கொடுப்பது? முன்பானால் மேசைக்கு ஒரு கூடை கொண்டுபோயிருப்பேன்.

இரண்டு பழத்தை உரித்து நின்றபடி தின்றேன்.

பிப்ரவரி 27

டெல்மர். முதல் கன்று. பெண். இரண்டு வார்த்தையில் சொன்னார், ஆனால் அவராகக் கூப்பிட்டார்.

மார்ச் 15, புதன்

காலையில் கதவைத் திறந்தால் பெர்னடீன். கன்னம் வீங்கியிருந்தது.

"பல்லுப் புடுங்கணும். அல்கொடோனஸ் போகணும், அங்கதான் மலிவு. லவோன் மொன்டானா போயிட்டா. பல்லுப் புடுங்கிட்டு வண்டி ஓட்டக் கூடாதாம். நீ வருவியா?"

சாவியை எடுத்துக்கொண்டேன். போகும் வழியில் ஒரு வார்த்தை இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு மெக்சிகோவுக்குள் நடந்தோம். பல் கடைகள், கண்ணாடிக் கடைகள், மருந்துக் கடைகள். டாக்டர் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கி, பஞ்சு வைத்து, கடித்துக்கொண்டே இருக்க வேண்டும், பேசக் கூடாது என்றார்.

திரும்பும் வரிசை தெரு முனை வரை நின்றது. வெயில். அவளை நிழல் பக்கம் நிறுத்திக்கொண்டேன். அவளால் பேச முடியாது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மன்னிப்புதான் கேட்க ஆரம்பித்தேன், அவள் கையை வேண்டாம் என்று ஆட்டினாள். அதனால் டெல்மரைப் பற்றிச் சொன்னேன். இருக்கிற டெல்மரை. கல்யாணத்துக்கு முன்னால் தேவாலயச் சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் நாலு தட்டு உருளைக்கிழங்கு தின்றது. ஜானெல் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டே தூங்கியது. நான் ஐஸில் விழுந்த அன்று என்னைத் தூக்காமல், பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை தன் கோட்டுக்குள் என்னை வைத்திருந்தது.

அதைச் சொல்லும்போது நானே நிறுத்திவிட்டேன். விழுந்ததை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பாதியைச் சொன்னதே இல்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. பெர்னடீன் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். பஞ்சோடு, குழறலாக, "இன்னுஞ் சொல்லு" என்றாள்.

சொன்னேன். சோதனைச் சாவடி வரை சொன்னேன்.

மார்ச் 18, சனி

மண்டபத்துக்குப் போனேன். சன்னலோர மேசையில் எனக்கு நாற்காலி இல்லை. பெர்னடீன் ஒரு நாற்காலியை இழுத்து மூலையில் போட்டாள். கொண்டுபோன பழத்தை எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 8

கோடை வருகிறது, பார்க் காலியாகிறது. தினம் ஒரு தெருவில் வண்டிகள் கிளம்புகின்றன. சன்னலில் எல்லாம் வெள்ளித்தாள் ஒட்டியிருக்கிறார்கள், வெயில் உள்ளே வராமல் இருக்க. என் சன்னலுக்கு பெர்னடீன் ஒட்டித் தந்தாள்.

"அக்டோபர்ல வருவியா?"

"வருவேன்."

"தனியாவா?" என்று கேட்டுவிட்டு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பதில் எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

வீடு. முற்றத்தின் ஓரத்தில் இன்னும் அழுக்குப் பனி. டெல்மர் படியில் நின்றார். பெட்டியை வாங்கிக்கொண்டார். "கறுத்துட்ட," என்றார்.

சமையலறையில் அவர் தட்டு, அவர் கரண்டி, அவர் கோப்பை மட்டும் வெளியே. மற்றதெல்லாம் நான் போன அக்டோபரில் அடுக்கியபடியே தூசியோடு இருந்தது. விருந்தாளி மாதிரி நின்றேன். பிறகு என் கோப்பையை எடுத்துக் கழுவினேன்.

ஏப்ரல் 30

பேசுகிறோம். நிறைய என்று சொல்லமாட்டேன். நேற்று, ஐஸில் கோட்டுக்குள் வைத்திருந்தீர்களே, நினைவிருக்கிறதா என்றேன். "நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்," என்றார். பேச்சை மாற்றிவிட்டேன். ஏன் மாற்றினேன்?

மே 13, சனி

காலையில் பெரிய லாரி வந்தது. டெல்மர் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். டார்வினும் அவரும் தடுப்பு வைத்து மாடுகளைப் பிரித்தார்கள். பதினாறு மாடு, கன்றுகளோடு. பாதி.

விலைச்சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு, லாரி மேட்டுச் சாலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து கைகழுவினார். "அக்டோபர்ல மீதிய டார்வின் பாத்துப்பான்," என்றார், சோப்பை வைத்துக்கொண்டே. "பதினாறுன்னா அவனால முடியும்."

இப்போது மாலை. மீதி மாடுகள் மேற்கு வேலியோரம் கூட்டமாக நின்று போனவற்றைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருக்கின்றன. படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். குளிர்ந்தது. எழுந்து போகவில்லை.

"ரெண்டு மூணு நாள் இப்படித்தான் கத்தும்," என்றார். "நின்னுடும்."